வாசலுக்கும் வழுக்கை!

எனக்கும் எங்கள் வீட்டு வாசலுக்கும் ஒரே வருஷத்தில் வழுக்கை விழ ஆரம்பித்தது. என் தலையை விடுங்கள், அது பரம்பரைச் சொத்து. வாசலுக்குக் கைக்காசு செலவு செய்திருந்தேன் சார்!

திருப்பூரில் பனியன் கம்பெனி உத்தியோகம். பையர்களைப் பார்க்க ஓட்டல் ஓட்டலாகப் போய், அங்கே விரித்து வைத்தாற்போல இருக்கும் புல்தரை மேல் எனக்கு ஒரு ஆசை. சேவூர் வீட்டில் மாட்டுக் கட்டுத்தரை சும்மாதானே கிடக்கிறது? கடைசி எருமையை விற்ற பிறகு அப்பா அந்தப் பக்கமே போவதில்லை. என்னிடம் பேசுவதும் குறைந்துபோச்சு. விற்கச் சொன்னவன் நானாச்சே!

நர்சரியிலிருந்து மெக்சிகன் புல் வந்து இறங்கியது. மூன்று மாதம் ஜோர். அப்புறம் அங்கங்கே மஞ்சள், அப்புறம் மொட்டை. யூரியாவை அள்ளி வீசினேன். மிச்சமிருந்ததும் கருகிப்போச்சு. போதாக்குறைக்கு ஓரத்திலிருந்து அருகு வேறு படையெடுக்க, ஞாயிற்றுக்கிழமையானால் குத்தவைத்து உட்கார்ந்து அதைப் பிடுங்குவதே பிழைப்பாச்சு.

ஒருநாள் திண்ணையிலிருந்து குரல்.

"ஏங் கண்ணு, பொழைக்கறதப் புடுங்கிப் போட்டுட்டு, சாகறதுக்குத் தண்ணி ஊத்தறே?"

பல மாசத்துக்கப்புறம் அப்பா என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

நியாயம்தான். கோல்ஃப் மைதானங்களில் 'பெர்முடா புல்' என்று கொண்டாடுகிறார்களே, அது வேறு யாருமில்லை, நம்ம பிள்ளையார் அருகம்புல்தான்!

அப்பா கடப்பாரையோடு வந்தார். மொட்டை இடத்தில் குத்தினால் 'ணங்' என்றது. "முப்பது வருசம் மாடு மிதிச்ச மண்ணு, இறுகிக் கெடக்குது. வேரு எங்க போகும்?"

ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறினோம். நன்றாக மக்கிய சாணி எருவைச் சலித்துக் கலந்தோம். பச்சைச் சாணி கூடாதாம், சூடு. நிலக்கடலை ஏலம் நடக்கிற ஊரில் புண்ணாக்குக்கா பஞ்சம்? ஒரு கிலோவைப் பத்து லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, அதற்குப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றினோம். அந்த வாசனைக்கு என் மனைவி கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டாள், என்னை வெளியே வைத்து!

பிடுங்கிப் போட்ட அருகையே விரல் நீளத்துக்கு நறுக்கி, கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினோம். முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர். அப்புறம் நாலு நாளைக்கு ஒருதரம், ஆனால் மண் நன்றாக நனையணும். "தண்ணியத் தேடி வேரு கீழ எறங்கட்டும்" என்றார். ஒட்ட வெட்டவும் விடவில்லை.

வழுக்கை மறைந்தது. (வாசலுக்கு.) வேப்பமரத்தடியில் மட்டும் ஒன்றும் வரவில்லை. அருகுக்கு நிழல் ஆகாது.

"இங்க என்னங்கப்பா பண்றது?"

"அதுக்கு நாம் பார்த்துக்கறேன்."

நேற்று ஆபீஸ் விட்டு வந்தால், அந்த இடத்தில் புதுசாக ஒரு முளைக்குச்சி. கேட்டால் என் முகத்தைப் பார்க்காமலே சொல்கிறார்:

"வெட்டற புல்லத் திங்கறதுக்கு ஒரு கன்னுக்குட்டி வேணுமில்ல?"