கிராண்ட் கேன்யனில் ஒரு கேரவன்: நாற்றத்தை விரட்டிய வாளித் தண்ணீர்!

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகத்துக்கு வரும். ஹீரோ ஏறுவார், கதவு சாத்திக்கொள்ளும், ஏ.சி. ஓடும் சத்தம் மட்டும் வெளியே கேட்கும். அமெரிக்காவில் அந்த மாதிரி வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். அங்கே ரிட்டயர்டு வாத்தியார் ஓட்டுவார், கைக்குழந்தையோடு இளம் தம்பதி ஓட்டுவார்கள். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஷவர், டாய்லெட் எல்லாமே வண்டிக்குள். யூடியூபில் நீங்களும் பார்த்து ஏங்கியிருப்பீர்கள். அந்த வீடியோக்களில் வராத ஒரு விஷயம், வாசனை.

ஜூன் மாதம் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் அக்கா வீட்டில் இருந்தேன். விருதுநகரிலிருந்து அம்மாவும் வந்திருந்தார். 67 வயது, சர்க்கரை, முட்டிவலி. கிராண்ட் கேன்யன் அங்கிருந்து சுமார் 370 கிலோமீட்டர். காரில் நான்கு மணி நேரம். ஆனால் கார் பயணம் என்றால் அம்மா முதல் நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற பயம். நம் ஊர் பஸ்களில் 40 வருடம் போய் வந்து ஊறிய பயம் அது. அமெரிக்க ஹைவேயில் ரெஸ்ட் ஏரியா பளிச்சென்று இருக்கும் என்று சொன்னால் மட்டும் போய்விடுமா? அதனால்தான் அக்காவும் அத்தானும் மூன்று ராத்திரிக்கு ஓர் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்தார்கள். "கக்கூஸ் நம்ம கூடவே வருதும்மா" என்று அக்கா சொன்ன பிறகுதான் அம்மா பெட்டியை எடுத்தார்.

25 அடி நீள வண்டி. அடியில் மூன்று தொட்டிகள். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இரண்டாவது, சிங்க், ஷவரிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீருக்கு. அதை 'கிரே டேங்க்' என்கிறார்கள். மூன்றாவது டாய்லெட்டுக்கு. அது 'பிளாக் டேங்க்'. நம் ஊர் செப்டிக் டேங்க்கைச் சுருக்கி, சக்கரத்தில் ஏற்றி, அதன் தலைமேல் நாம் உட்கார்ந்து போவதாக நினைத்துக்கொள்ளுங்கள். டாய்லெட்டில் காலால் ஒரு பெடலை மிதித்தால் அடியில் ஒரு மூடி திறக்கும், எல்லாம் நேராகத் தொட்டிக்குள் விழும். நம் வீட்டு டாய்லெட் போல வளைந்த குழாய் எதுவும் நடுவில் கிடையாது.

பீனிக்ஸில் அன்றைக்கு 43 டிகிரி வெயில். ஊரைத் தாண்டி வடக்கே ஏற ஏற, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரியான சகுவாரோ கள்ளிகள். ஒன்றரை மணி நேரத்தில் கள்ளிகள் காணாமல் போய், ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் வந்ததும் இரண்டு பக்கமும் உயர உயரமாய் பைன் மரங்கள். பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 1,100 அடி உயரம்தான். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 7,000 அடி. அதாவது நாங்கள் புறப்பட்டது மே மாத வேலூர் என்றால், போய்ச் சேர்ந்தது ஊட்டி. அக்கா மகனுக்கு ஆறு வயது. ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

மேத்தர் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைத்திருந்தது. பைன் காட்டுக்குள் 300-க்கும் மேற்பட்ட இடங்கள். 30 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி இல்லை. கரன்ட் கனெக்‌ஷனோ, கழிவுநீர்க் குழாயோ எந்த இடத்திலும் கிடையாது. அவை வேண்டுமென்றால் பக்கத்தில் டிரெய்லர் வில்லேஜ் என்று தனியாக ஓர் இடம் இருக்கிறது. எங்களுக்கு மேத்தர்தான் கிடைத்தது. எனவே அத்தான் சிக்கன நடவடிக்கையில் இறங்கினார். "தொட்டி சீக்கிரம் ரொம்பிடும். பெடலை மிதிச்சு உடனே விட்டுடுங்க. பேப்பர் யூஸ் பண்ணுங்க, தண்ணி ஊத்தாதீங்க." வண்டியைக் கொடுத்தவர்களும் அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் ராத்திரி லேசாக இருந்தது. மறுநாள் மத்தியானம் வண்டிக்குள் உட்கார முடியவில்லை. அழுகிய முட்டையும் பழைய மூத்திரமும் கலந்த நாற்றம். அக்கா மேலே இருக்கிற ஃபேனைப் போட்டாள். இன்னும் கூடியது. ஓடும்போது ஜன்னலைத் திறந்தோம். அதற்கும் மேல் கூடியது. ஊதுபத்தி கொளுத்தலாம் என்றால் ஸ்மோக் அலாரம். அப்போதுதான் அந்தப் பொடியன் வாயைத் திறந்தான். "பாட்டி போயிட்டு வந்தா ஸ்மெல் வருது."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துக்கூட வைத்தார். மறுநாள் காலையில் மேத்தர் பாயின்ட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "கண்ணைக் கட்டுது" என்று அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். எதிரே உலகமே வந்து பார்க்கிற பள்ளத்தாக்கு, ஒரு மைல் ஆழம், சிவப்பும் ஊதாவுமாய் அடுக்கு அடுக்கான பாறை. அம்மாவோ முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. சர்க்கரை மாத்திரையைக்கூட எச்சிலை விழுங்கித்தான் போட்டிருக்கிறார். எதற்காக இவ்வளவு வாடகை கொடுத்து இந்த வண்டியை எடுத்தோமோ, அதே காரணத்தால் அம்மா மறுபடியும் தண்ணீரை நிறுத்தியிருந்தார். வறண்ட காற்று, 7,000 அடி உயரம், சர்க்கரை உடம்பு. விளையாட்டில்லை இது.

தண்ணீரும் உப்பு, சர்க்கரையும் கலந்து கொடுத்து வண்டிக்குக் கூட்டி வந்தோம். பக்கத்து இடத்தில் ஒரு பெரியவர். மனைவியோடு வருடத்தில் பாதி நாள் ஆர்.வி.யிலேயே சுற்றுகிறவர். கேம்ப்கிரவுண்டில் யாரிடம் வேண்டுமானாலும் கழிவுத் தொட்டியைப் பற்றிப் பேசலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் ஊரில் மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். அத்தான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

நாற்றத்துக்குக் காரணமே தண்ணீர்ச் சிக்கனம்தான் என்றார். தொட்டிக்குள் கழிவு முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருந்தால் கரைந்து, இளகி, திறந்துவிடும்போது மொத்தமும் அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் போதாவிட்டால் பேப்பரும் கழிவும் டாய்லெட்டுக்கு நேர் கீழே குவியலாக ஏறி, காய்ந்து, ஒட்டிக்கொள்ளும். காற்றில்லாத இடத்தில் வளர்கிற பாக்டீரியாக்கள் அதில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். வெயில் ஏறினால் இதெல்லாம் இன்னும் வேகமாக நடக்கும். காலியான தொட்டியில்கூட முதலில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் விட்டு அடித்தளத்தை மூடிவிட்டுத்தான் பயன்படுத்தத் தொடங்க வேண்டுமாம். டாய்லெட் மூடிமேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். தொட்டிக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற கதவே அந்தத் தண்ணீர்தான். நம் வண்டியில் அது வறண்டு கிடந்தது.

ஃபேன் மர்மமும் அப்போது விளங்கியது. தொட்டியிலிருந்து வாயு வெளியேற, கூரை வரைக்கும் ஒரு குழாய் போகிறது. உள்ளே ஃபேனை ஓடவிட்டுப் பெடலை மிதித்தால், கூரைக்குப் போக வேண்டியதை ஃபேன் நம் மூக்குக்கு இழுத்துவிடும். ஓடுகிற வண்டியில் ஜன்னலைத் திறந்தாலும் இதே கதைதான், உள்ளே காற்றழுத்தம் குறைந்து தொட்டிப் பக்கமிருந்து இழுக்கும். எனவே ஃப்ளஷ் செய்யும் முன் ஃபேனை நிறுத்து, மூடிய பிறகு போடு. பைசா செலவில்லாத வைத்தியம்.

அம்மாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "அப்போ நான் தண்ணி ஊத்துனது தப்பில்லையா?" தப்பே இல்லை. சொல்லப்போனால் பேப்பர் போடாமல் செம்புத் தண்ணீரில் கழுவுகிற நம் பழக்கம் அந்தத் தொட்டிக்கு நல்லது. தொட்டி சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். நிறைந்தால் கொண்டுபோய்க் கொட்ட ஒரு கிலோமீட்டருக்குள் இடம் இருக்கிறதே! (பேப்பர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சோதனை: ஒரு பாட்டில் தண்ணீரில் நான்கு தாளைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். கரைந்து நூல் நூலாகப் போனால் சரி. அப்படியே மிதந்தால் அந்தப் பேப்பர் தொட்டிக்கு ஆகாது.)

"பிளீச்சிங் பவுடர் போட்டா சரியாயிடாதா?" என்று அம்மா கேட்டார். நம் வீட்டு அம்மாக்கள் எல்லோரும் கேட்பதுதான். கூடவே கூடாது. மூத்திரத்தில் உண்டாகிற அம்மோனியாவோடு பிளீச் கலந்தால் விஷ வாயு வரும். தொட்டியின் ரப்பர் சீல்களும் கெடும். கடையில் இதற்கென்றே விற்கிற ரசாயனங்களிலும் பார்மால்டிஹைடு கலந்தவை உண்டு. அவை நாற்றத்தோடு சேர்த்து, செப்டிக் டேங்க்கில் கழிவைச் செரிக்கிற நல்ல பாக்டீரியாக்களையும் கொன்றுவிடும். என்சைம், நல்ல பாக்டீரியா வகை மருந்துகள் தேவலாம். ஐஸ் கட்டியைக் கொட்டி வண்டியை ஓட்டினால் தொட்டி தேய்த்துக் கழுவியது போல ஆகிவிடும் என்று ஒரு யோசனையும் சுற்றுகிறது. ஐஸ் மிதக்கும் பொருளாயிற்றே, அடியில் ஒட்டியதை எப்படித் தேய்க்கும் என்று எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் டம்ப் ஸ்டேஷனுக்குப் போனோம். தரையில் ஒரு ஓட்டை, பக்கத்தில் கழுவுவதற்கு ஒரு குழாய், அவ்வளவுதான் அந்த இடம். குடிநீர் பிடிக்கிற குழாய் தனி. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. அத்தான் கையுறை போட்டு, மூன்று அங்குலக் குழாயை மாட்டி, முதலில் பிளாக் டேங்க்கைத் திறந்தார். அது ஓடி முடித்த பிறகு கிரே டேங்க். இந்த வரிசை முக்கியம், சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயைக் கழுவிவிடும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு திறந்தால்தான் வேகத்தில் எல்லாம் வெளியேறும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். எனவே முன்கூட்டியே டாய்லெட் வழியாக வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்திருந்தோம். இரண்டு முறை நிரப்பி, இரண்டு முறை திறந்தோம். இரண்டாவது முறை வந்தது ஏறக்குறைய தெளிந்த தண்ணீர். உள்ளே இருக்கிற மீட்டர் மட்டும் பாதி நிறைந்திருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. சென்சாரில் பேப்பர் துணுக்கு ஒட்டினால் அப்படித்தானாம்.

திரும்பி வந்தால், வேறொரு நாற்றம். புளித்த நாற்றம். அத்தான் நொந்துபோய் மறுபடி டாய்லெட் பக்கம் போக, அம்மா சிங்க் அருகே நின்று மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை, இது கக்கூஸ் நாத்தம் இல்ல. கழனித்தண்ணி நாத்தம்."

அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, சாம்பார்ச் சட்டி கழுவிய எண்ணெய்த் தண்ணீர் எல்லாம் இரண்டு நாளாக சிங்க் வழியாகத்தான் போயிருந்தது. மாட்டுக்கு வைக்கிற கழனிப்பானையை மூடி வைத்து வெயிலில் நாலு நாள் விட்டால் எப்படி இருக்கும்? கிரே டேங்க் நாற்றம் பல நேரங்களில் பிளாக் டேங்க்கைவிட மோசம் என்று பெரியவரும் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு தட்டு, சட்டியை முதலில் பேப்பரால் துடைத்து, அந்தப் பேப்பரைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கழுவினோம். யாரும் பயன்படுத்தாத ஷவர் ஓட்டையிலும் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் விட்டார். அங்கே வளைந்த குழாய் உண்டு. அதில் நிற்கிற தண்ணீர் காய்ந்துபோனால் தொட்டி நாற்றம் நேராக மேலே வரும்.

தண்ணீரைத் தாராளமாக ஊற்று என்று சொல்வது சுலபம். ஆனால் கிராண்ட் கேன்யனில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பள்ளத்தாக்கின் வடக்குச் சுவரில் ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊற்று. அங்கிருந்து 20 கிலோமீட்டர் குழாயில் இறங்கி, கொலராடோ ஆற்றைப் பாலத்தில் கடந்து வந்து, பிறகு தெற்கு விளிம்புக்குப் பம்ப் போட்டு ஏற்றுகிறார்கள். 1960-களில் போட ஆரம்பித்து 1970-ல் முடித்த குழாய். 2010-க்குப் பிறகு மட்டும் 85 முறைக்கு மேல் உடைந்திருக்கிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடர்ந்து உடைந்ததால் தெற்கு விளிம்பு ஹோட்டல்களில் சில நாள்கள் யாரையுமே தங்க விடவில்லை. சுத்திகரித்த கழிவுநீரை டாய்லெட்டுக்குத் திருப்பி விடும் வேலையை இந்த ஊர் 1926-லேயே தொடங்கிவிட்டது.

அம்மாவுக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது. ஆனால் ஷவரில் வெந்நீர் வருகிற வரைக்கும் ஓடுகிற பச்சைத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தார். காய்கறி அலசிய தண்ணீர், துணி கடைசியாக அலசிய தண்ணீர், எல்லாம் அதே வாளிக்கு. ஒரு செம்பை உள்ளே போட்டு டாய்லெட் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொருவரும் போய்விட்டு வரும்போது மூன்று செம்பு. அதற்குப் பிறகு வண்டியில் நாற்றமே இல்லை. அக்கா மகன் வாளியைக் காலி செய்வதற்காகவே அடிக்கடி டாய்லெட்டுக்குப் போனான்.

அம்மா தண்ணீர் குடித்தார். சாயங்காலம் கேம்ப்கிரவுண்டுக்குள் எல்க் மான்கள் வந்தன, ஒவ்வொன்றும் நம் ஊர்ப் பசுவைவிட உயரம். அவற்றைப் பார்த்துக்கொண்டே இரண்டாவது டம்ளர் காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

திரும்பும் வழியில் ஃபிளாக்ஸ்டாஃப் பக்கம் ஒரு டம்ப் ஸ்டேஷனில் கடைசி முறையாகக் காலி செய்தோம். ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு முன்னால் நான்கு வண்டி. பின்னால் நின்ற வண்டியில் இளம் ஜோடி ஒன்று மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியது. அத்தான் கையுறையோடு போய், ஃபேன், தண்ணீர், மூடி என்று ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்துவிட்டார். அம்மா ஜன்னலைத் திறந்து கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, சிங்க்ல கஞ்சி ஊத்த வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க!"