ஸ்பிதிச் சாலையும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும்

உத்தியோக நிமித்தமாக வடநாட்டில் வந்து குடியேறிய நம்மவர் பெரும்பாலோர்க்கு இமயமலை என்பது ஹரித்வாரம், பத்ரி, கேதாரம் என்ற அளவோடு நின்று விடுகிறது. விடுமுறை கிடைத்தால் டில்லி சென்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுவதே நம் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெற்றோரும் உறவினரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆயினும், மழை ஓய்ந்த காலை வேளைகளில் அம்பாலாவிலிருந்து வடக்கே நோக்கினால் நீலக் கோடுபோல் மலை தெரிகிறதே, அந்தக் கோட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பல ஆண்டுகளாக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ரயிலில் போகக்கூடிய தூரம் சிம்லாவோடு முடிந்துவிடுகிறது. கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் செல்லும் 96 கிலோமீட்டர் குறுகிய பாதையைப் பற்றி இவ்விதழின் அன்பர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1903-இல் திறக்கப்பட்டது, 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. முப்பத்து மூன்று அடி சென்றால் ஓர் அடி ஏற்றம் என்ற கணக்கில் அந்தச் சிறிய ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும். சிம்லாவுக்கு அப்பால் தண்டவாளம் இல்லை. கின்னௌருக்கும் ஸ்பிதிக்கும் போக விரும்புவோர்க்குப் பேருந்து உண்டு, வாடகைக் கார் உண்டு, இல்லையேல் மோட்டார் சைக்கிள் உண்டு. ரயில்வே குமாஸ்தா மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறான் என்றதும் அலுவலகத்தில் எழுந்த சிரிப்பை இங்கே எழுதத் தேவையில்லை.

சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்றும் இருந்தது. மூன்று லட்ச ரூபாயை ஒட்டிய தொகை அது. ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடனும், எட்டு வருஷச் சேமிப்பும், எங்கள் வீட்டம்மாள் வளையலுக்கென்று எடுத்து வைத்திருந்த பணமும் சேர்ந்தால்தான் அத்தொகை தேறும். கலியாணத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் இவ்வளவு பெரிய செலவு நேர்ந்ததில்லை. அதோடு, ஒன்பது வயதுப் பெண் குழந்தையை அண்டை வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் ஒரே வண்டியில் மலையேறப் போகிறோம் என்றால், அந்த வண்டி எது என்பது பகட்டுக்காகத் தீர்மானிக்கக் கூடியதன்று.

விசாரித்த வரையில் எங்கள் கைக்கு எட்டியவை இரண்டு. ஒன்று ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450. மற்றொன்று கே.டி.எம். 390 அட்வென்ச்சர் எக்ஸ். மேல்நாட்டார் ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்டவற்றையே பெரிய வண்டி என்பார்கள். நம் தேசத்துச் சாலைக்கும் சம்பளத்துக்கும் நானூறு சி.சி. என்பதே பெரிது. சர்க்காரும் அவ்வாறே கருதுகிறது போலும்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்தது. நாங்கள் ஆசைப்பட்ட இரண்டும் அந்த மேல்படியில்தான் இருக்கின்றன.

ஹிமாலயன் நம்மூர்ப் பிள்ளை. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டு, ராணுவத்துக்காகப் புல்லட் வண்டிகளைத் திருவொற்றியூரில் பூட்டத் தொடங்கியது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மறைந்துவிட்டது. சேய் மட்டும் சென்னையில் பிழைத்துக்கொண்டது. இப்போது ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகள் இருக்கின்றன. இங்குள்ள பஞ்சாபி அன்பர்கள் புல்லட்டைத் தங்கள் பாட்டனார் சொத்தாகவே எண்ணுகிறவர்கள். “அது எங்கள் ஊரில் செய்யப்படுவது” என்று சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கே.டி.எம். ஆஸ்திரியா நாட்டுப் பெயர். ஆனால் இந்த 390 செய்யப்படுவது புனேயை அடுத்த சாகனில், பஜாஜ் ஆலையில். 2024 நவம்பரில் அந்த ஆஸ்திரியக் கம்பெனி நொடிப்பு நடவடிக்கைக்கு உட்பட்டது. 2025-இல் பஜாஜே அதைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஆகவே இரண்டுமே இப்போது நம் தேசத்தார் கையில் இருக்கின்றன.

ஊர்ப் பெருமை பேசி ஹிமாலயனையே முடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது வீட்டம்மாள் சொன்னது இது: “ஊர்ப் பாசத்துக்காக வாங்குவதானால் ஊரில் ஒரு ஜோடி மாடும் வண்டியும் வாங்கிப் போடுங்கள். இதில் நான் பின்னால் உட்கார வேண்டும். மலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.”

நல்ல வேளையாக, சரக்கு ரயில் ஓட்டும் நண்பர் ஒருவர் அவ்வாண்டுதான் கே.டி.எம். வாங்கியிருந்தார். நாங்கள் சண்டிகரில் ஹிமாலயன் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். வழியில் நண்பர் வண்டியும் எங்கள் வண்டியும் கைமாறுவது என்பது ஏற்பாடு. 2025 ஜூன் மாதக் கடைசி வாரத்தில் புறப்பட்டோம்.

ஸ்பிதிக்கு இரண்டு வாசல்கள் உண்டு. மணாலி வழி குறுகியது. ஆனால் ஒரே நாளில் உயரத்தில் கொண்டு தள்ளிவிடும். சிம்லா, கின்னௌர் வழி நீளமானது. சட்லெஜ் நதியைப் பற்றிக்கொண்டு சிறிது சிறிதாக ஏறுகிறது. உடம்பு உயரத்துக்குப் பழகுவதற்கு அதுவே உத்தமம். நார்கண்டாவில் ஆப்பிள் தோட்டங்களுக்கிடையே குளிர்ந்து, ராம்பூரில் இறங்கி வியர்த்து, பிறகு பாறையைக் குடைந்த சாலையில் கின்னௌருக்குள் நுழைந்தோம். தலைக்கு மேலே பாறைக் கூரை. காலுக்குக் கீழே, நெடுந்தூரத்தில், சாம்பல் நிற நதி. தாரண்டாப் பக்கத்தில் எதிரே லாரி வந்தால் யார் பின்வாங்குவது என்பதை இரு பக்கமும் கண்ணாலேயே பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். நம் சிங்கிள் லைன் பாதையில் டோக்கன் கொடுப்பதுபோல் அங்கே ஒரு சிரிப்புக் கொடுத்துப் போகிறார்கள்.

தார்ச்சாலை நன்றாக இருந்த இடத்திலெல்லாம் கே.டி.எம். தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டியது. 46 குதிரைத் திறன். எடை நூற்றெண்பது கிலோவைச் சற்றே தாண்டும். வளைவுக்கு வளைவு அது திரும்புகிற வேகம், கன்று துள்ளுவது போல இருந்தது. முன் சக்கரம் 19 அங்குலம் என்பதால் கைப்பிடியை நினைத்த மாத்திரத்தில் திரும்புகிறது. ஹிமாலயனுக்கு 40 குதிரைத் திறன், 196 கிலோ எடை, 21 அங்குல முன் சக்கரம். அது வளைவில் நிதானமாகச் சாய்ந்து நிதானமாக நிமிர்கிறது. நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறவர்க்கும், தனியாளாகப் போகிறவர்க்கும், இருபது வயது குறைந்தவர்க்கும் கே.டி.எம்.மையே தயங்காமல் சிபார்சு செய்வோம்.

கல்பாவில் ஓரிரவு தங்கினோம். விடியற்காலையில் கின்னர் கைலாசச் சிகரத்தில் வெயில் விழுந்த காட்சியைக் கண்டு நண்பர் வெகுநேரம் பேசவே இல்லை. அவர் பேசாமலிருப்பது அபூர்வம். போவாரியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டோம். அங்கிருந்து காஜா ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். ஹிமாலயன் 17 லிட்டர் கொள்ளும், கே.டி.எம். 14.5 லிட்டர். எங்கள் கணக்கில் இரண்டுமே லிட்டருக்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டிக் கொடுத்தன. ஆகவே இந்தச் சாலைக்கு இரண்டும் போதும். லடாக் போன்ற இன்னும் நீண்ட வழிகளில்தான் அந்த இரண்டரை லிட்டர் ஒரு மனிதனுக்கு நிம்மதியான தூக்கம் கொடுக்கும்.

காப் என்னுமிடத்தில் ஸ்பிதி நதி சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து உலகமே வேறு. மரம் என்ற சொல்லே மறந்துபோகிறது. மண்ணும் கல்லும் மஞ்சள், காவி, ஊதா என்று அடுக்கடுக்காக நிற்கின்றன. மழை மேகத்தை முன்மலைகளே தடுத்துவிடுவதால் இது குளிர்ந்த பாலைவனம். நாகோவில் சிறு ஏரி. தாபோவில் 996-இல் எழுப்பப்பட்ட பௌத்த மடாலயம். வெளியிலிருந்து பார்த்தால் நம் கிராமத்து நெற்குதிர்போல் வெறும் மண்சுவர். உள்ளே இருட்டில், ஆயிரம் ஆண்டு வயதுள்ள சித்திரங்களும் சுதை உருவங்களும். தஞ்சையில் பெரிய கோயில் எழும்புவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த மண் சுவர்கள் நின்றுகொண்டிருந்தன என்பதை நினைத்தபோது இரண்டையும் ஒருங்கே பார்க்கும் பாக்கியம் பெற்றோமே என்று தோன்றிற்று. வீட்டம்மாள் அங்கே உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவே மனமில்லாதிருந்தாள்.

காஜாவில் இரண்டு நாள். ஹிக்கிம் கிராமத்துத் தபாலாபீஸ் ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மகளுக்குத் தபாலட்டை எழுதினோம். “சௌக்கியம். வண்டி விழவில்லை” என்பதே முதல் வரி.

அந்த உயரத்தில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. நாலாயிரத்து ஐந்நூறு மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. நமக்கு மூச்சு வாங்குவதுபோல இயந்திரத்துக்கும் வாங்குகிறது. பழைய கார்புரேட்டர் வண்டியானால் பெட்ரோல் மிகுந்து கரும்புகை கக்கும். இவை இரண்டிலும் எரிபொருளை அளந்து தெளிக்கும் கருவி இருப்பதால் புகையில்லை. ஆனால் பலம் குறைவதைத் தடுக்க முடியாது. 46 என்றும் 40 என்றும் விளம்பரத்தில் கண்ட எண்கள் இரண்டும் அங்கே இளைத்துப் போகின்றன. இடையிலுள்ள வித்தியாசமும் இளைக்கிறது. மிஞ்சுவது, இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது எவ்வளவு இழுக்கிறது என்ற கேள்விதான். ஹிமாலயன் தன் முழு இழுவையான 40 நியூட்டன் மீட்டரை 5,500 சுற்றிலேயே தருகிறது. கே.டி.எம். 39-ஐத் தர 6,500 சுற்று வேண்டும். காகிதத்தில் இது சிறு வித்தியாசம். இரண்டு பேர், இரண்டு மூட்டை, ஈரக் கல், செங்குத்தான திருப்பம் என்று வரும்போது, கியரை மாற்றாமலே ஏறுகிற வண்டியும், முறுக்கிப் பிடித்தால்தான் ஏறுகிற வண்டியும் ஒன்றல்ல. சரக்கு எஞ்சினையும் பிரயாணிகள் எஞ்சினையும் ஓட்டிப் பழகிய நண்பர், தம்முடைய வண்டிக்கு எதிராகவே இதை முதலில் எடுத்துச் சொன்னார் என்பதை அவர் பெருந்தன்மைக்குச் சாட்சியாக எழுதுகிறோம்.

லோசாரைத் தாண்டிக் குன்சும் கணவாய் ஏறினோம். நாலாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். கொடிகள் படபடக்கும் ஸ்தூபியை வலம் வந்துவிட்டு இறங்கினால் பட்டால். அங்கிருந்து கிராம்பூ வரையில் சாலை என்று பெயர். உண்மையில் சந்திரா நதியின் கரையில் உருட்டி விடப்பட்ட பாறைகளின் வரிசை. பனி உருகுவதால் பிற்பகலில் ஓடைகளில் நீர் ஏறும். ஆகையால் விடிந்ததும் கடந்துவிடவேண்டும் என்று பட்டால் தாபாக்காரர் சொன்னார். அதன்படியே செய்தோம்.

ஓடையில் இறங்கும் முன் வீட்டம்மாள் இறங்கி நடந்து வருவதாகச் சொன்னாள். தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. ஆனால் பனிநீர், வேகம் அதிகம். அவளை நடக்க விட மனமில்லை. அன்று எங்கள் இருவரையும் ஏற்றிச் சென்றது ஹிமாலயன். பெரிய முன் சக்கரம் கற்களின் மேல் ஏறி இறங்குவதைத் தொட்டிலாட்டம் என்று சொல்ல முடியாது; என்றாலும் அது கல்லைத் தேடிக்கொண்டு போய் இடிக்கவில்லை, மேலேறிச் சென்றது. அந்த இருபது அடி தூரத்தில், தோளைப் பற்றியிருந்த கை ஒரு தடவைகூட இறுகவில்லை. அக்கரையில் அவள் சொன்னது, “இதிலேயே வரலாம்” என்ற இரண்டு வார்த்தைகள்தாம்.

பிறகு அடல் சுரங்கம், 9.02 கிலோமீட்டர், 2020 அக்டோபர் 3-இல் திறக்கப்பட்டது. பாறையில் மூன்று மணி நேரம் குலுங்கி வந்தவர்க்கு அந்தச் சமதளம் சொர்க்கவாசல்.

திரும்பி வந்து கணக்குப் பார்த்தோம். ஹிமாலயனின் எடைதான் எங்களை உறுத்தியது. மூட்டை முடிச்சோடு கீழே சாய்ந்தால் ஒருவர் தனியே தூக்குவது கஷ்டம். இருக்கை உயரம் இரண்டிலும் 825 மில்லிமீட்டர். ஐந்தடி நாலங்குலக்காரர்க்கு அது நுனிக்கால் உயரம். ஹிமாலயனுக்குத் தாழ்ந்த இருக்கை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம் என்பதாலும், ட்யூப் இல்லாத ஸ்போக் சக்கரம் தனியே கேட்டுப் பெறலாம் என்பதாலும், பின்னால் உட்காருகிறவரின் வாக்கு ஏற்கெனவே ஓடைக்கரையில் விழுந்துவிட்டதாலும் அதையே தீர்மானித்தோம். வரி உயரப் போகிறதென்ற செய்தி பரவியதும் செப்டம்பர் முதல் வாரமே முன்பணம் கட்டி, 22-ஆம் தேதிக்கு முன் வண்டியை எடுத்துவிட்டோம். அதில் மிச்சமான தொகை வளையலுக்குத் திரும்பிப் போயிருக்கிறது.

போக விரும்பும் அன்பர்களுக்கு இரண்டொரு குறிப்பு. குன்சும் கணவாய் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் பொதுவாகத் திறந்திருக்கும். ஸ்பிதிக்கு நம் தேசத்தார்க்கு அனுமதிச் சீட்டு வேண்டுவதில்லை. சிம்லா வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவது நல்லது. வாடகை வண்டியானால் பிரேக்கையும் டயரையும் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். எங்களைக் கேட்டு எழுதுவோர்க்கு வழிச்செலவுக் கணக்கை முழுமையாக அனுப்பி வைக்கிறோம். வருகிற ஜூனில் மகளையும் அழைத்துக்கொண்டு போக உத்தேசம், அதற்கு மட்டும் பேருந்து.