பொங்குமாங்கடல்

தென்காசிக்கு மேற்கே திரிகூடமலை முகில் சூழ்ந்து நிற்கும். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று வீச, ஊரெங்கும் சாரல் தூவும். சிற்றாறு குற்றாலத்தில் பேரருவியாய்ப் பாயும். அவ்வெள்ளம் மலையுச்சியிலிருந்து நேரே தலைமேல் வீழுமாயின் அதனைத் தாங்க வல்லார் யார்? இடைவழியில் ஆழ்ந்த பாறைப் பள்ளம் ஒன்று உள்ளது. பொங்குமாங்கடல் என்பது அதன் பெயர். வெள்ளம் முதலில் அதில் வீழ்ந்து, பொங்கிச் சுழன்று, வேகம் தணிந்து, பின்னரே கீழிறங்குகின்றது. ஆதலின் முதியோரும் சிறுவரும் அருவியாடி மகிழ்கின்றனர்.

ஆற்றல் மிகுந்திருத்தல் மட்டும் போதாது. அது சீராகவும் இருத்தல் வேண்டும். மின்காந்தங்களுக்கு மின்சாரம் வழங்குவோர் இவ்வுண்மையை நன்கு அறிவர்.

இரும்பின்மேல் செப்புக் கம்பியைச் சுற்றி மின்னோட்டத்தைச் செலுத்தினால் இரும்பு காந்தமாகும். மின்னோட்டம் நடுங்கினால் காந்தத்தின் வலிமையும் நடுங்கும். பழைய இரும்பைத் தூக்கும் காந்தத்திற்கு அந்நடுக்கம் ஒரு பொருட்டன்று. இந்தோர் நகரில், இராஜா இராமண்ணா உயர்தொழில்நுட்ப மையத்திலுள்ள ‘இண்டஸ்-2’ என்னும் பொறிக்கோ அது பெருங்கேடாகும். அங்கே ஏறக்குறைய 172 மீட்டர் சுற்றளவுள்ள வெற்றிடக் குழாயில் எலெக்ட்ரான்கள் நொடிக்கு 17 இலட்சம் முறை வலம் வருகின்றன. அவற்றின் பாதையை 16 பெரிய மின்காந்தங்கள் வளைக்கின்றன. காந்தத்தின் வலிமை சிறிது மாறினும் எலெக்ட்ரான்கள் வழி பிறழும். அவை வீசும் ஒளிக்கற்றை அசையும். அவ்வொளியால் பொருள்களின் நுண்ணமைப்பை ஆராய்வோரின் உழைப்பு வீணாகும்.

நமக்கு வரும் மின்சாரமோ நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. மூன்று கட்ட மின்சாரத்தை ஆறு துடிப்புத் திருத்தியால் ஒரே திசையில் ஓடச் செய்தால், அதில் நொடிக்கு 300 சிற்றலைகள் எஞ்சும். இரு திருத்திகளை உரிய முறையில் இணைத்தால் அவை 600 ஆகி, உயரம் குறையும். எஞ்சியவற்றை மின்தூண்டியும் மின்தேக்கியும் பொங்குமாங்கடல்போல் ஏற்றுத் தணிக்கின்றன. மடை காப்போன் நீரின் அளவு பார்த்துப் பலகையை ஏற்றி இறக்குவதுபோல், ஒரு கருவி மின்னோட்டத்தை இடைவிடாது அளந்து திருத்துகின்றது.

கடைத்தெருவில் ஓர் இயந்திரம் ஓடும்போது அண்டை வீட்டு வானொலி கரகரப்பதுண்டு. பெரிய மின்வழங்கியும் அவ்வாறே அருகிலுள்ள நுண்கருவிகளைக் குழப்பக்கூடும். வடிகட்டியாலும், உலோக உறையாலும், நல்ல நிலத்தொடர்பாலும் அதனை அடக்குகின்றனர். வலியோர் அயலாரை வருத்தாதிருத்தலும் கடமையன்றோ?

தணிக்கும் பள்ளத்திற்கும் ஓர் எல்லை உண்டு. வெள்ளம் மிகுந்த நாள்களில் பேரருவியில் நீராடத் தடை விதிப்பர். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரெனப் பெருகிய வெள்ளம் இளம் உயிர் ஒன்றைக் கொண்டு சென்றது. ஆதலின் அறிஞர், அளவு மீறிய கணமே மின்னோட்டத்தை நிறுத்தும் காப்பினையும் மின்வழங்கியில் அமைக்கின்றனர். ஆற்றலைப் பெருக்குவோர் அதனைத் தணிக்கவும் நிறுத்தவும் முன்னரே வழிவகுத்தல் வேண்டும்.