மடியன்று, பிணி

திருவள்ளுவர் மடியின்மையை 61ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95ஆம் அதிகாரமாகவும் வைத்தார். பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த தந்தை ஒருவருக்கு முன்னதே மனப்பாடமாயிருந்தது. பின்னதன் தேவையை அவர் உணர ஓராண்டுக்கும் மேலாயிற்று.

அவருடைய மகனுக்கு அப்போது வயது 19. ஆறாம் படிவத்தில் பயின்று வந்தான். மாலையானால் திடலில் பந்தாடுவான். வீட்டிலோ வாய் ஓயாமல் பேசுவான். அத்தகையவன் முதலில் திடலை மறந்தான். அடுத்து நண்பர்களைத் தவிர்த்தான். பின்னர்ப் பள்ளியையும் விட்டான். நண்பகல் கடந்தும் படுக்கையிலேயே கிடந்தான். அன்னை அறை வாயிலில் வைத்த சோறு மாலைவரை ஆறிக் கிடந்தது. நான்கு நாள் குளிக்காதிருப்பதும் அவனுக்கு உறுத்தவில்லை.

தந்தை லாரி ஓட்டிப் பிழைப்பவர். விடியுமுன் எழுந்து உழைக்கும் அவருடைய கண்ணுக்கு, மகனிடம் தெரிந்தது சோம்பல் ஒன்றே. “சோம்பேறி” என்று அண்டை வீட்டார் காதுபடவே ஏசினார். மகன் மறுமொழி கூறவில்லை. ஏச்சு வளர வளர, அறைக்கதவு திறக்கும் பொழுதுகள் குறைந்தன.

அன்னைக்கு ஐயம் எழாமலில்லை. நள்ளிரவில் அவன் தனியே முணுமுணுப்பதை அவள் கேட்டிருந்தாள். ஆயினும், மனநோய் என்றதும் மக்கள் நாவில் வருவது தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் அங்கே மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. நாளடைவில் ஊரின் பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது. அச்சொல்லுக்கு அஞ்சி அவள் வாய் திறவாதிருந்தாள். மந்திரித்த கயிற்றை மகன் கையில் கட்டினாள். மாதங்கள் கழிந்தன.

இறுதியில் தாய்மாமன்தான் அவனை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். உடன் சென்ற பெற்றோருக்கு மருத்துவர் பொறுமையுடன் விளக்கினார். இல்லாத குரல் கேட்பதும் காரணமின்றிப் பிறரை ஐயுறுவதும் மனச்சிதைவில் பலரும் அறிந்த குறிகள். அவை வெளிப்படுவதற்குப் பல மாதங்கள் முன்னரே, ஒதுங்குதலும் ஊக்கம் வற்றுதலும் தோன்றிவிடக்கூடும். மருந்து பெரும்பாலும் குரல்களை அடக்கும். வற்றிய ஊக்கத்தை அத்துணை எளிதில் மீட்டுத் தராது. அதற்குக் காலமும், சிறுசிறு பணிகளில் பழக்கமும், சுற்றத்தாரின் பொறுமையும் வேண்டும். சிகிச்சை தாமதப்படும் அளவுக்கு மீட்சியும் கடினமாகும். இதனைக் கருதியே சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டில், இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவுவதற்கெனத் தனித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது.

மருந்துண்ணத் தொடங்கிய சில மாதங்களுக்குப்பின், ஓரிரவு மகனே வாய் திறந்தான்.

“குளிக்க வேண்டும் என்று தெரிந்ததுப்பா. தெரிந்ததே தவிர, உடம்பு எழவில்லை. நாலு பேர் நடுவே போனால் அந்தக் குரல் உரக்கக் கேட்கும். அறைக்குள் இருந்தால் கொஞ்சம் அடங்கும்.”

தந்தை நெடுநேரம் பேசவில்லை. மகன் தனியே தாங்கிய சுமையின்மேல் தம் ஏச்சையும் ஏற்றி வைத்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மாலை லாரியைக் கழுவத் தொடங்கியவர் உள்ளே நோக்கி, “தம்பி, இந்தத் தண்ணீர்க் குழாயை மட்டும் கொஞ்சம் பிடி” என்றார். அவன் வெளியே வரக் கால்மணி நேரமாயிற்று. ஐந்து நிமிடம் பிடித்தான். குழாயைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். லாரி பாதிதான் நனைந்திருந்தது.

“போதும் தம்பி, நாளைக்குப் பார்ப்போம்” என்றார் தந்தை.

நன்கு பயின்ற பிள்ளை காரணமின்றி ஒதுங்கத் தொடங்கினால், வசைச்சொல்லைத் தேடுமுன் மருத்துவரைத் தேடுதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாகும். அந்தத் தந்தை பின்னர் அந்தச் சொல்லை எவரிடத்தும் வழங்கியதில்லை.