ஏற்காட்டின் 20 வளைவுகளும் பழைய காரின் மூச்சும்... வீட்டிலேயே ‘சூப்பர்சார்ஜர்’ பூட்டினால் என்ன நடக்கும்?

சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைக் கடந்து போனால், எதிரே சேர்வராயன் மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். அடிவாரம் வரைக்கும் எந்த வண்டியும் ராஜாதான். அதன் பிறகுதான் பரீட்சை. ஏற்காட்டுக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை இருக்கும். காரில் வரும் குழந்தைகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். பழைய அம்பாசடரை ஓட்டுபவரோ எண்ணுவதில்லை. அவர் கண் முழுக்க டெம்ப்ரேச்சர் மீட்டரில் இருக்கும்.

கோடை விழா சமயத்தில் இந்தச் சாலையில் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். வளைவை ஒட்டி ஓரமாக ஒரு பழைய கார். பானெட் திறந்திருக்கும். ரேடியேட்டரில் இருந்து ஆவி. கையில் தண்ணீர் கேனோடு டிரைவர். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி. பின் சீட்டில் இருக்கும் தின்பண்டப் பையைக் குறிவைத்து நாலு குரங்குகள்.

“வயசான வண்டி, அதான் திணறுது” என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவோம். ஆனால், பாதிக் குற்றம் வண்டியுடையது இல்லை. மலையுடையது!

சேலம் நகரம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்று மெலிந்துகொண்டே வரும். கடற்கரையில் காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. என்றால், ஏற்காடு ஏரிக்கரையில் அது ஏறக்குறைய 12.2 தான். நமக்கு அது சுகமான குளிராகத் தெரிகிறது. இன்ஜினுக்கோ சாப்பாட்டில் கைவைத்த மாதிரி. இன்ஜின் எரிப்பது பெட்ரோலை மட்டும் இல்லையே, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை. காற்று குறைந்தால் சக்தியும் குறையும். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் 3 சதவிகிதம் என்பது மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு. 5,000 அடிக்கு 15 சதவிகிதம். 50 குதிரைத்திறன் இன்ஜினில் ஏழெட்டுக் குதிரைகள் வழியிலேயே இறங்கிவிடுகின்றன.

ரேடியேட்டருக்கும் தனியாக ஒரு சோதனை உண்டு. ஏற்காட்டில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி சரியாக இறுகவில்லை என்றால் கதை முடிந்தது. பழைய கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது சரியாகத் தெரியாது. பெட்ரோலை மட்டும் வழக்கம்போல ஊற்றிக்கொண்டிருக்கும். மேலே போய் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரிப்பிடித்துக் கிடக்கும்.

சரி, காற்றுதானே குறைகிறது? வெளியில் இருந்து பிடித்து உள்ளே திணித்தால்?

அந்த வேலையைச் செய்யும் கருவிக்குத்தான் சூப்பர்சார்ஜர் என்று பெயர். கிராங்க் ஷாஃப்ட்டில் இருந்து ஒரு பெல்ட் வழியாகச் சுற்றும் காற்று பம்ப், அவ்வளவுதான். பழைய மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் சிலவற்றின் டிக்கியில் ‘கொம்ப்ரெஸ்ஸர்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதைத்தான் சொல்கிறது. இதில் பிரபலமான ரூட்ஸ் வகை பம்ப், காருக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது பெட்ரோல் காரே கிடையாது. உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்த இயந்திரம், 1920-களில் மெர்சிடிஸ், பென்ட்லி போன்ற கார்களில் ஏறி உட்கார்ந்தது.

டர்போவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால், அது புகைப்போக்கியில் வெளியேறும் வாயுவின் வேகத்தில் சுற்றுவது. கொண்டை ஊசி வளைவில் வண்டி நடை வேகத்துக்கு வந்துவிடும், புகையின் வேகமும் குறைந்துவிடும். வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் டர்போ விழித்துக்கொள்ள ஒரு நொடி ஆகும். பெல்ட்டில் சுற்றும் சூப்பர்சார்ஜர் அப்படித் தூங்குவதில்லை. இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். ஏற்காடு மாதிரியான சாலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை என்றே சொல்லலாம்.

இங்கே இன்னொரு விஷயம். ‘கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்’ என்றதும் லண்டன், பாரீஸ் என்று போய்விட வேண்டாம். அந்த ரத்தம் நம் ஊர்த் தெருக்களிலேயே ஓடியது. 1955-ல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது பி.எம்.சி. நிறுவனத்தின் 1,489 சி.சி. இன்ஜின். பின்னாளில் நம் அம்பாசடருக்கு வந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அதே 1,489 சி.சி. இன்ஜின்தான். கல்யாண மண்டப வாசலில் மாலை போட்டுக்கொண்டு நின்ற வண்டிக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இதயம்!

சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1960-களில் தயாரித்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இன்னும் சுவாரஸ்யம். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. அதன் சேஸிஸை அடிப்படையாக வைத்து, நீளத்தைக் குறைத்து உருவான ஸ்போர்ட்ஸ் கார்தான் 1962-ல் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. ஹெரால்டின் பானெட், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னோக்கிச் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். வண்டி வெறும் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும் என்பதால் கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்கும் பேச்சே இல்லை. ஆனால், 948 சி.சி. இன்ஜின் ஏற்றத்தில் பெருமூச்சு விடும்.

இன்ஜினை வீட்டிலேயே அவிழ்த்து மாட்டுவதும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், தெருவில் ஓடிய கார்களைச் செதுக்கித்தான் ஓட்டினார்கள். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன், மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை பந்தயக் காரையே உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியைத்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரில் இருக்கிறது.

அப்படியானால் ஒரு அம்பாசடர் இன்ஜினுக்கு வீட்டு ஷெட்டில் சூப்பர்சார்ஜர் பூட்ட என்ன வேண்டும்? உலகம் முழுக்க எம்.ஜி. கார் பிரியர்கள் பயன்படுத்தும் வழி இது. பழைய மினி கூப்பர் எஸ் கார்களில் வந்த ஈட்டன் எம்-45 என்ற சூப்பர்சார்ஜரைத் தேடிப் பிடிப்பார்கள். பெயரில் உள்ள 45, ஒரு சுற்றுக்கு அது தள்ளும் காற்றின் கன அங்குலம். நம் கணக்கில் சுமார் 737 மில்லி. 1,489 சி.சி. இன்ஜின் ஒரு சுற்றுக்கு இழுக்கக்கூடியது அதில் பாதி, அதாவது சுமார் 745 மில்லி. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் கணக்கு எளிது. சூப்பர்சார்ஜரை இன்ஜினைவிட 1.4 மடங்கு வேகமாகச் சுற்றவிட்டால் ஆயிரம் மில்லிக்கு மேல் காற்று வந்து மோதும். இன்ஜினால் அவ்வளவையும் சாதாரணமாக விழுங்க முடியாது. அங்கேதான் அழுத்தம் பிறக்கிறது, சுமார் 5 பி.எஸ்.ஐ. ஏற்காட்டின் 12.2-உடன் 5-ஐக் கூட்டினால் 17-ஐத் தாண்டும். மெரினாவில் கிடைப்பதைவிட அதிகக் காற்றை இருபதாவது வளைவில் சுவாசிக்கும் அம்பாசடர்!

இந்த 1.4-ஐத் தீர்மானிப்பது புல்லியின் அளவு. லேத் பட்டறையில் புல்லியைக் கடைந்து வாங்கும்போது ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் அழுத்தம் மாறும். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காவிட்டால் பெல்ட் அறுந்துபோகும். பொறுமை இல்லாதவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

ஆனால், பம்பை மாட்டுவது கடைசி வேலை. முதலில் இன்ஜினை செயின் பிளாக்கில் தூக்கி இறக்கி, முழுசாகக் கழற்ற வேண்டும். இந்த இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங்குகள். தேய்ந்த பேரிங்கோடு கூடுதல் அழுத்தத்தைக் கொடுத்தால் அதன் ஆயுள் அதோகதிதான். சிலிண்டர் போர் அளவு பார்க்கணும், ஹெட்டின் அடிப்பாகம் தட்டையாக இருக்கிறதா என்று பார்க்கணும், ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு இறுக்கணும். கை உணர்வை நம்பினால் ஹெட் கேஸ்கெட் நாலாவது வளைவிலேயே ஊதிவிடும்.

கார்புரேட்டரை சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வைப்பது பழைய காலத்து முறை. பெரிய எஸ்.யூ. கார்புரேட்டர் ஒன்று போதும். பெட்ரோல் ஆவியாகும்போது காற்றைக் கொஞ்சம் குளிரவைக்கும் என்பது கூடுதல் லாபம். ஆபத்தும் அங்கேதான். பைப் முழுக்க எரியக்கூடிய கலவை நிறைந்திருக்கும். இன்ஜின் ஒருமுறை பின்னுக்கு வெடித்தால் உள்ளே இருப்பது மொத்தமும் பற்றிக்கொள்ளும். அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு ரிலீஃப் வால்வு இல்லாமல் இதை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பக்கத்தில் தீயணைப்பான் கட்டாயம்.

அடுத்த எதிரி, டிரைவர்கள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அந்த ‘டக் டக்’ சத்தம். அழுத்திய காற்று சூடாக இருக்கும். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வரும் முன்பே, மிச்சக் கலவை தானாக வெடிக்கும். பிஸ்டனில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். டிஸ்ட்ரிப்யூட்டரில் டைமிங்கைக் கொஞ்சம் தள்ளிவைப்பது, சூட்டைச் சீக்கிரம் கடத்தும் பிளக் போடுவது என்று வைத்தியம் உண்டு. அம்பாசடர் இன்ஜினின் கம்ப்ரஷன் குறைவு என்பது ஒரு வரம். எந்த பெட்ரோலையும் குடிக்கட்டும் என்று அன்று குறைத்து வைத்தது, இன்று சூப்பர்சார்ஜருக்கு இடம் கொடுக்கிறது. இப்போதைய இ-20 பெட்ரோல் நாக்கிங்குக்கு நல்லது, பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு ஆகாது. அவற்றையும் மாற்றியாக வேண்டும்.

இவ்வளவும் செய்தால் லாபம்? எல்லாம் கூடிவந்தால் 50 குதிரைத்திறன் 65 ஆகலாம். ஆனால், எம்.ஜி.ஏ. கார் 1955-லேயே இரட்டை கார்புரேட்டரும் கூடுதல் கம்ப்ரஷனும் வைத்து, சூப்பர்சார்ஜரே இல்லாமல் 68 குதிரைத்திறன் எடுத்துவிட்டது. ‘அப்புறம் எதற்கு இந்தப் பாடு?’ என்று கேட்டால், அந்த 68 கிடைப்பது நிமிடத்துக்கு 5,500 சுற்றில். கொண்டை ஊசி வளைவில் யாரும் அந்த வேகத்தில் இன்ஜினைக் கதறவிடுவதில்லை. சூப்பர்சார்ஜர் கொடுப்பது 2,000 சுற்றில் இழுவை. நேர்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு இரட்டை கார்புரேட்டரே போதும், செலவும் மிச்சம்.

‘பூட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போகலாமா?’ என்பதற்குச் சட்டம் தயங்காமல் ‘கூடாது’ என்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2021-ல் வந்த வின்டேஜ் வாகன விதிகள், 50 வயது தாண்டிய கார்களுக்கு ‘வி.ஏ.’ என்ற தனி எண்ணுடன் பதிவு கொடுக்கின்றன. ஆனால் இன்ஜின், பாடி, சேஸிஸ் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதாவது, தாத்தா வாங்கிய ஹெரால்டில் சூப்பர்சார்ஜர் ஏறினால், அந்த அந்தஸ்து ஆட்டம் காணும். தமிழ்நாட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் ஹெரால்டுகள் குறைவு. அசல் இன்ஜினில் துளை போடும் முன், வேறொரு பழைய இன்ஜினைத் தேடி அதில் கைவைப்பதே நியாயம். ஓட்டிப் பார்க்க கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சென்னை இருங்காட்டுக்கோட்டை தடம் இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்காட்டுக்கு அசல் வண்டியிலேயே போகலாம், அதில் ஒரு குறையும் இல்லை. விடியற்காலையில் கிளம்பினால் இன்ஜினும் குளிர்ந்திருக்கும், சாலையும் காலியாக இருக்கும். மேலே சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடி, அடியில் காபிச் செடிகள். இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் சேலம் கலெக்டர் டேவிட் காக்பர்ன் காலத்தில், அதாவது 1820-களில், மேலே வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியிருக்கும், ரேடியேட்டர் கவலை இல்லை. ஏரியைப் பார்த்துவிட்டு, சேர்வராயன் கோயில் வரை ஏறினால் இன்னும் நூறு மீட்டர் உயரம். இந்த மலையில் பாக்சைட் உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். சூப்பர்சார்ஜரின் கூடும் பிஸ்டனும் அலுமினியம்தான் என்பதைக் கோயில் வாசலில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை விதி. இறங்கும்போது நியூட்ரல் வேண்டாம், ஏறிய அதே கியரிலேயே இறங்க வேண்டும். எத்தனை சூப்பர்சார்ஜர் பூட்டினாலும் இறக்கத்தில் அது உதவாது. அம்பாசடர், ஹெரால்டு காலத்து டிரம் பிரேக்குகள் தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிமானம் இழக்கும். லேடிஸ் சீட்டில் நின்று சேலத்தின் விளக்குகளை ரசித்துவிட்டு இருட்டில் இறங்குபவர்கள், பத்தாவது வளைவுக்குப் பக்கத்தில் கருகல் வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம்கட்டி, கால் மணி நேரம் நிற்பது நல்லது. டிரம் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் விரிசல் விடும்.