சாம்பல் லோடு

எங்க அண்ணன் நகராட்சி எரியூட்டியில் சாம்பல் அள்ளியது 2 வருசம். பேருக்கு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். தெருக்குப்பை எரிந்து முடிந்தபின் அடியில் கிடப்பதை வெளியே இழுப்பதுதான் வேலை. இரும்புக் கதவைத் திறந்து, நீளக் கம்பியால் இழுத்து, மம்பட்டியால் சாக்கில் அள்ளணும். ஆணி, உருகின கண்ணாடி, பேட்டரி செல்லின் தகடு எல்லாம் கூடவே வரும். தண்ணி தெளித்து அள்ளு என்பார்கள். தொட்டியில் பாதி நாள் தண்ணி இருக்காது. வாயில கட்ட அண்ணியோட பழைய சேலைத் துணி.

புகை அடிக்குது என்று ஊர்த்தெருவிலிருந்து மனு போனது. உடனே புகைபோக்கியை உயர்த்தினார்கள். சாம்பலைப் பற்றி ஊரில் யாரும் மனு கொடுக்கவில்லை. அது ஊர்ப்பக்கம் போகவே இல்லையே. எங்க காலனியில் மழைத்தண்ணி நிக்கிற பள்ளத்தில் டிராக்டர் டிராக்டராகக் கொட்டினார்கள். "பள்ளம் மூடுது, உங்களுக்கு நல்லதுதானே" என்றார் மேஸ்திரி. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

சாம்பல் நமக்குப் புதுசா? பாத்திரம் விளக்கினது சாம்பலில். அவரைக்கொடியில் அசுவினி விழுந்தால் அம்மா தூவுவது அடுப்புச் சாம்பல். அந்தப் பழக்கத்தில் அண்ணி ஒரு சாக்கை வாங்கிச் சலித்து வைத்துக்கொண்டார். ஆறு மாசம் எங்க சோத்துப்பானையைத் தேய்த்தது அதில்தான். விறகுச் சாம்பலும் குப்பைச் சாம்பலும் ஒன்றல்ல என்று சொல்ல அந்த அலுவலகத்தில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பிறகு நானாகப் படித்தேன். 100 கிலோ குப்பையை எரித்தால் 20, 25 கிலோ அடிச்சாம்பலாக நிற்கும். ஈயமும் காட்மியமும் எரிந்து போகாது. பெரிய ஆலைகளில் புகையோடு பறக்கும் சாம்பலைச் சுண்ணாம்பும் கரித்தூளும் தூவித் துணிப்பைகளில் பிடிக்கிறார்கள். டையாக்சினும் அங்கேதான் சேருகிறது. ஆக, புகை எவ்வளவு சுத்தமோ, அந்தச் சாம்பல் அவ்வளவு விஷம். ஜெர்மனியில் அதைப் பழைய உப்புச் சுரங்கங்களுக்குள் அடைக்கிறார்கள். ஜப்பானில் உருக்கிக் கண்ணாடிக் கட்டியாக்குகிறார்கள். நெதர்லாந்தில் அடிச்சாம்பலில்கூடக் காந்தம் வைத்து இரும்பைப் பிரித்து, வாரக்கணக்கில் ஆறப்போட்ட பிறகுதான் சாலைக்கடியில் போட்டிருக்கிறார்கள். நம்ம நாட்டு 2016 விதிகளிலும், நச்சு உலோகம் அளவு மீறினால் அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பணும் என்று இருந்தது. அளந்தால்தானே மீறினது தெரியும்? எங்க பள்ளத்துக்கு வந்த ஒரு லோடையும் யாரும் அளக்கவில்லை.

தேடும்போது 'கியான் சீ' என்ற கப்பலின் கதை கிடைத்தது. 1986-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் எரித்த குப்பையின் சாம்பல் ஏறக்குறைய 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பல். போன துறைமுகமெல்லாம் விரட்டின. கடைசியில் 1988 தொடக்கத்தில் ஹைட்டியின் கடற்கரையில் சுமார் 4,000 டன்னை 'உரம்' என்று சொல்லி இறக்கினார்கள். விஷயம் தெரிந்து, திருப்பி ஏற்று என்று அரசாங்கம் சொன்னதும் ஏற்றாமலே ஓடிவிட்டது கப்பல். மிச்சத்தைக் கடலில் கொட்டிவிட்டார்கள். அடிமைகளாயிருந்த கறுப்பர்கள் எழுந்து சண்டைபோட்டு 1804-இல் விடுதலை வாங்கிய மண் அது. உரமாம்! எங்க மேஸ்திரி குரல்தான் காதில் கேட்டது. 2000-இல்தான் அதை அங்கிருந்து அள்ளிப்போனார்கள். 2002-இல் பென்சில்வேனியாவிலேயே புதைத்தார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்சம் இருமினார். "திருப்பி அள்ளினது யாருடா? அவங்களுக்காவது கையுறை குடுத்தானா?" என்றார். நான் அந்தக் கேள்வியோடு படித்திருக்கவில்லை.

நகராட்சிக்கு மனு எழுதினோம். 'சாம்பலை உடனே அகற்ற வேண்டும்' என்று எழுதியிருந்தேன். அண்ணன் அந்த வரியை அடிக்கச் சொன்னார். "அகத்தணும்னா நம்மளத்தான் கூப்பிடுவான். கொண்டுபோயி எங்க கொட்டுவான்? பக்கத்துச் சேரியில." முதலில் சோதனை, அள்ளுவதற்கு எந்திரம், மூடின வண்டி, எங்கே போகிறதென்று எழுத்தில் பதில் என்று மாற்றி எழுதினோம். கொடுத்து ஏழு மாசம் ஆகிறது. பள்ளம் மேடாகிவிட்டது, சாயங்காலம் பிள்ளைகள் அங்கேதான் பந்து விளையாடுகிறார்கள். நாங்கள் விரட்டுகிறோம், மறுபடி வந்துவிடுகிறார்கள்.