பரணிலிருந்து இறங்கிய வேட்டைப் பை

செம்பட்டியைத் தாண்டி சித்தையன்கோட்டைக்குள் பஸ் திரும்பும்போதே மனசு லேசாகிவிடும். இரண்டு பக்கமும் வயல், தென்னந்தோப்பு, மேற்கே நீலமாகப் பழனி மலை. மலையடிவாரத்தில் ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம். பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடியே மகனோடு ஊருக்குப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று பெரியப்பா பரணைக் காலி செய்துகொண்டிருந்தார். உடைந்த மரக்கால், துருப்பிடித்த லாந்தர் என்று ஒவ்வொன்றாக இறங்க, கடைசியில் ஒரு தோல் பை 'தொப்'பென்று வந்து விழுந்தது.

ஒரு சாண் அகலம், மேலே மூடி, தோளில் மாட்ட நீண்ட வார். வாரில் ஒரு மாட்டுக் கொம்பு தொங்கியது. அதன் வாயில் மரக் கட்டை அடைத்திருந்தது. பைக்குள் ஒரு சின்னப் பித்தளைக் குப்பி, கொஞ்சம் தேங்காய் நார், ஒரு கைப்பிடி ஈய ரவை.

"குப்பையில போட்ரு" என்றார் பெரியப்பா.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா பார்த்துவிட்டது. "அது ஒங்க தாத்தாவோட வேட்டைப் பைடா. அவரு அப்பாரு திண்டுக்கல்லுல தச்சு வாங்குனது. அதப் போயி குப்பைங்கிறியே!"

அந்தக் காலத்தில் ராத்திரியானால் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி நிலக்கடலையைத் தோண்டிவிடுமாம். தாத்தாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை, குழாயின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கப்புறம் வேட்டைப் பேச்சே வேண்டாம் என்று துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாராம். பை மட்டும் பரணுக்குப் போயிருக்கிறது.

குப்பை என்ற பெரியப்பாவே பிறகு பையைத் தோளில் மாட்டிக் காட்டினார். இடது தோளில் வார், வலது இடுப்புக்கு மேலே பை. குப்பியால் மருந்தை அளந்து குழாயில் கொட்டணும். மேலே நாரை வைத்துக் கம்பியால் இடிக்கணும். பிறகு ரவை, மறுபடி நார். கடைசியில் குதிரைக்கு அடியில் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றை மாட்டணும். இருட்டில், பன்றி எதிரே நிற்கும்போது, இதையெல்லாம் கண்ணால் பார்க்காமலே செய்ய வேண்டும். "பையில எது எங்க இருக்குன்னு கைக்குத் தெரியணும். அதுக்குத்தான் இப்படித் தச்சிருக்கு" என்றார். அமெரிக்காவில் காட்டோரமாகக் குடியேறியவர்களும் இதேபோலக் கொம்பும் பையுமாகத்தான் வேட்டைக்குப் போனார்கள். இன்றைக்கும் அங்கே ஆசைக்காக அந்தப் பழைய மாதிரியிலேயே பைகளைக் கையால் தைக்கிறவர்கள் உண்டு.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் மகன் கொம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டான். "அம்மா, உள்ள மணல் மாதிரி சத்தம் வருது" என்று அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஆட்டினான்.

பெரியப்பா அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. "டேய், கீழ வைடா அத!"

கொம்புக்குள் கருமருந்து! வெடியுப்பு முக்கால் பங்கு, மீதி கரியும் கந்தகமும். ஈரம் படாமல் இருந்தால் இந்த மருந்துக்கு வயதே கிடையாது. எத்தனை வருஷம் கழித்தும் ஒரு பொறி போதும். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. பெரியப்பா கொம்பைக் கொல்லையில் வேப்பமர நிழலில் வைத்துவிட்டு, யாரையும் கிட்டே விடாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு போன் போட்டார். வந்தவர்கள் விவரம் எழுதிக்கொண்டு, மருந்தை எடுத்துப்போனார்கள். வெறும் கொம்பு மட்டும் எங்களிடம் திரும்பி வந்தது.

அன்றைக்கு ராத்திரி, பையையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். அப்பத்தா பதில் பேசவில்லை. பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தது. வார் அறுந்து தொங்கியது, ஒரு பக்கத் தையல் விட்டிருந்தது. மறுநாள் காலையில் பையைத் துணியில் சுற்றிக்கொண்டு மகனோடு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

திண்டுக்கல் என்றால் நமக்கு பூட்டும் பிரியாணியும்தான் ஞாபகம் வரும். ஆனால் தோலுக்கும் பேர்போன ஊர் இது. பேகம்பூர் பக்கம் 'தோல் ஷாப்' என்று சொன்னால் யாரும் வழி காட்டுவார்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து முடியும் சதையும் நீக்கிய தோலை, இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் நாள்கணக்கில் போடுவது பழைய முறை. பட்டையின் துவர்ப்பு தோலோடு பிணைந்து அழுகாமல் காக்கும். பிறகு கடுக்காய் நீர், கடைசியில் எண்ணெய். இப்படிப் பதனிட்ட தோல் கப்பலேறி வெளிநாடு போனது. 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தோல் தொழிலின் கழிவுநீரால் சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டதும் இந்த ஊரின் கதைதான். அதையும் மறைக்க முடியாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செருப்பு தைக்கும் ஓர் அண்ணன், பையை வாங்கி முதலில் மோந்து பார்த்தார். "பட்டைத் தோலு. ஒங்க கையப் பாருங்க தங்கச்சி." விரலெல்லாம் செம்மண் போல் தூள். பட்டையில் பதனிட்ட தோல் வயதாகும்போது இப்படிச் சிவந்து உதிருமாம்.

"பாலிஷ் போட்டுப் புதுசாக்கிடலாமா அண்ணே?"

"போட்றாதீங்க. தேங்காண்ணெயும் தடவாதீங்க, தூசியக் கூப்பிடும். கிழிஞ்சத மட்டும் தச்சுத் தாரேன். இனி இது தொங்குற பை இல்ல, வைக்கிற பை."

தேன்மெழுகு தேய்த்த நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்தார். புது ஓட்டை ஒன்றுகூடப் போடவில்லை. பழைய தையல்காரர் குத்திய அதே ஓட்டைகளில், இந்தப் பக்கம் ஒரு ஊசி, அந்தப் பக்கம் ஒரு ஊசியாக நுழைத்து இழுத்தார். "ஒரு நூலு அறுந்தாலும் மத்தது புடிச்சுக்கும்" என்றார். வாருக்கு மட்டும் உள்பக்கமாக மெல்லிய தோல் வைத்து ஒட்டினார். கூலி முந்நூறு ரூபாய்.

மிச்ச நேரத்தில் மலைக்கோட்டை ஏறினோம். 1605-ல் மதுரை நாயக்கர் காலத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-ல் இங்கே அதிகாரியாக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்கள் உதவியோடு திண்டுக்கல்லில் ஆயுதச் சாலை அமைத்தார். மேலே வெடிமருந்துக் கிடங்கின் கனத்த சுவரைக் கண்டதும், "இவ்ளோ பெரிய சுவர் எதுக்கும்மா?" என்று கேட்டவன், ஒரு நிமிஷம் கழித்துத் தானே சொன்னான்: "நேத்து நான் ஆட்டின மருந்துக்கா?"

ஆமாம் என்றேன். அதற்குமேல் அவனுக்கு அறிவுரை தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். கொம்போ குடுவையோ கிடைத்தால் திறக்காதீர்கள், ஆட்டாதீர்கள். தீ இல்லாத இடத்தில் வைத்துவிட்டு போலீசுக்குச் சொல்லுங்கள். பழைய துப்பாக்கி என்றாலும் அப்படித்தான். தோல் பையாக இருந்தால் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி, உள்ளே பழைய பருத்தித் துணி அடைத்து, நிழலில் வையுங்கள். வெயிலும் பிளாஸ்டிக் கவரும் ஆகாது.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அப்பத்தா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு தன் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளே அடைத்தது. "பரணுக்கு வேணாம்த்தா. என் பொட்டியில வையி" என்றது. வைத்தேன்.